சிவப்புலேருந்து எடு, பச்சையில வை

சத்தம் நின்றுபோனதுதான் முதலில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு நாளாக அந்த ஹார்ட் டிஸ்க் மேசைமேல் கிடந்து டக், டக், டக் என்று இடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே இருக்கும் ஊசி தட்டைத் தடவிப் பார்த்து, படிக்க முடியாமல் திரும்பி வந்து, மறுபடி போய் முட்டும் சத்தம். சமையலறையில் நின்றாலும் கேட்டது, குளிக்கும்போதும் கேட்டது, தூக்கத்தில்கூட அந்தத் தாளத்துக்கே மூச்சு விட்டாளோ என்னவோ. இப்போது, விடாமல் மழை கொட்டிக்கொண்டிருந்த மத்தியானம் மூன்று மணிக்கு, அது சட்டென்று அடங்கியிருந்தது. செத்துத் தொலைத்துவிட்டதோ என்று பதறித் தொட்டுப் பார்த்தாள். இல்லை. சுழன்றுகொண்டுதான் இருந்தது. வெதுவெதுப்பாக, சீராக, வயிறு நிறைந்து தூங்குகிற பூனை மாதிரி இருந்தது அது.

திரையைப் பார்த்தாள். கட்டம் கட்டமாக விரிந்த படத்தில் படிக்க முடிந்த இடமெல்லாம் வெள்ளை, படிக்க முடியாத இடமெல்லாம் கறுப்பு. காலையில் பாதிக்குப் பாதி கறுப்பாகக் கிடந்தது. இப்போது அந்தக் கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டிருந்தன. பதினைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறாள். கெட்டுப்போன டிஸ்க் மேலும் கெடும், அவ்வளவுதான் அதன் விதி. தானாகத் தேறிக்கொண்டதாக அவள் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை.

"என்ன கூத்துடா இது," என்று வாய்விட்டே சொன்னாள்.

வழக்கமாக இந்த மாதிரி எதையாவது சொல்லிவிட்டால் போதும், பின்னாலிருந்து உடனே, "என்னம்மா? என்ன கூத்து? சொல்லும்மா, ஒரே ஒரு விஷயம்மா!" என்று ஒரு குரல் வந்து தோளில் தொங்கும். இன்று வரவில்லை. மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மகள் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு ஏழு வயது. வீட்டில் அவள் பெயர் வாலு. வாய் ஓயாது. ஒரே ஒரு விஷயம் என்று ஆரம்பித்து ஒன்பது விஷயம் சொல்லி முடிப்பாள், சிரித்தால் கடைசியில் மூக்கால் ஒரு உறுமல் வரும். அந்த உறுமலுக்காகவே கப்பலில் வேலை பார்க்கும் அப்பா, போனில் மணிக்கணக்காகக் கோமாளித்தனம் செய்வார்.

"வாலு?"

"ம்."

முன்னறையின் மூலையில், தரையில் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். முதுகு தெரிந்தது. சரி, இருக்கட்டும், இன்றைக்காவது காது குளிரட்டும் என்று இவள் திரும்பிக்கொண்டாள்.

தெருவில் எல்லோரும் இவளை டிஸ்க் டாக்டர் என்பார்கள். முதலில் கிண்டலாக வைத்ததுதான், பிறகு கடைப்பலகையே அப்படி ஆகிவிட்டது. வீட்டின் முன்னறைதான் மருத்துவமனை. முந்தாநாள் சாயங்காலம் இந்த நோயாளியைத் துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்தார் நான்கு தெரு தள்ளியிருக்கும் பேக்கரிக்காரர். விரல் இடுக்கெல்லாம் மாவு. அவர் நின்ற இடத்தில், அவர் போய் ஒரு மணி நேரம் கழித்தும் சூடான ரொட்டி வாசனை நின்றது.

"என் பொண்ணு இதுலதான் இருக்கா, டாக்டரம்மா," என்றார் அவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்ட பெண். எட்டாவது பிறந்தநாளுக்கு எடுத்த பதினோரு நிமிஷ வீடியோ ஒன்றுதான் மிச்சம், வேறு எதிலும் அவள் குரல் கிடையாது. பர்ஸிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்துக் காட்டினார். ஒல்லி முகம், முன்பல் இரண்டுக்கும் நடுவில் அரிசி நுழைகிற இடைவெளி. "என்னை அப்பான்னு கூப்பிடவே மாட்டா. பன்னு சுடற அப்பாவாம், பன்னப்பா, பன்னப்பான்னுதான். அந்த ஒரு வார்த்தையை ஒரு தடவை கேட்டாப் போதும்மா."

உள்ளே வாலு ஏதோ பாட்டைக் கத்திக்கொண்டிருந்தாள், அந்த நேரம் பார்த்து. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் இவள் டிஸ்க்கைத் துணியிலிருந்து பிரிப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"அண்ணா, ஒளிவுமறைவில்லாம சொல்லிடறேன். இது பாதி போயிடுச்சு. ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் ஊசி மேல்பூச்சைச் சுரண்டும். ஒரு தடவை எடுத்த இடத்துல மறு தடவை எடுக்க ஒண்ணும் இருக்காது. அதனால படிக்க முடியாத இடத்துல நின்னு மல்லுக்கட்டாம, தாண்டித் தாண்டிப் போற மாதிரிதான் வைக்கப் போறேன். நடுவுல நின்னுபோனா மறுபடி எழுந்திருக்குமான்னு சொல்ல முடியாது. கிடைச்ச வரைக்கும் லாபம்."

"கிடைச்ச வரைக்கும் போதும்மா," என்றார். நாளைக் கழித்து சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஐந்து மணிதான் இன்றைக்கு.

இவளிடம் ஒரு பழக்கம் உண்டு. பிரதி எடுக்கும் பெட்டியில் இரண்டு இடம் இருக்கும், இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு முறை மாற்றிச் செருகி, காலி டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின்மேல் எழுதி, ஒரு வீட்டாரின் கல்யாணப் படங்கள் முழுவதையும் துடைத்து வைத்தாள். அந்த வீட்டுக் கல்யாணப் பெண் இந்த மேசைமேல் தலையை முட்டிக்கொண்டு அழுதது இன்றும் மறக்கவில்லை. அதிலிருந்து, எடுக்க வேண்டியதன்மேல் சிவப்பு ஸ்டிக்கர், வைக்க வேண்டியதன்மேல் பச்சை. பொத்தானை அழுத்துமுன் இரண்டையும் விரலால் தொட்டு, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "சிவப்புலேருந்து எடு. பச்சையில வை." தொழில் பயத்தில் வந்த பழக்கம் நாளடைவில் மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. வாலுகூடத் தன் பொம்மைகளுக்கு நடுவே உட்கார்ந்து அதையே சொல்லி விளையாடுவாள்.

இன்று காலை பதினோரு மணிக்கு மின்சாரம் போயிற்று. யூ.பி.எஸ் பேட்டரி போன வாரமே உயிரை விட்டிருந்தது. அறை இருண்டு, டிஸ்க்கின் சத்தம் அடங்கி, போச்சு, எல்லாம் போச்சு என்று இவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷத்தில் மின்சாரம் வந்ததும் டிஸ்க் முக்கி முனகி எழுந்துவிட்டது. இன்னொரு தடவை எழாது என்று அந்த முனகலிலேயே தெரிந்தது. மேசை விளக்கைக்கூடப் போடவில்லை. இருட்டில், அவசர அவசரமாக, வாய் பாட்டுக்கு மந்திரத்தைச் சொல்ல, பொத்தானை அழுத்தினாள்.

தொட்டுப் பார்த்தாளா? தொட்டாளோ, இல்லையோ.

"வாலு, பசிக்குதா?"

வாலு தலையை நிமிர்த்தாமல் வரைந்துகொண்டிருந்தாள். மழை, சுவரோரக் குழாயில் இறங்கி, கொடகொடவென்று எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஈரச் சுவரின் வாசனை, சூடேறிய மின்கம்பியின் வாசனை, இரண்டுக்கும் அடியில் மிக லேசாக வேறொன்று. இவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ரொட்டி. பேக்கரிக்காரர் வந்து போய் இரண்டு நாள் ஆகிறது.

எழுந்து மகளிடம் போனாள். வாலு ஒரு கையால் வரைந்தாள், இன்னொரு கையை ஸ்வெட்டர் பைக்குள் விட்டிருந்தாள். தாளில் ஒரு பெண், நீளப் பின்னல், மேசை, மேசைமேல் பெட்டி. அம்மாவைத்தான் வரைந்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் அங்கங்கே இடம் விட்டிருந்தது. பின்னலின் நடுவில் ஒரு சதுரம் வெறும் தாள். மேசைக்காலில் ஒன்று. முகத்தில் மூன்று. அளவுகோல் வைத்து வெட்டின மாதிரி, ஓரம் சுத்தமாக.

"இங்கெல்லாம் ஏண்டா வரையாம விட்டே?"

மகள் தாளைப் பார்த்தாள். "அங்க ஒண்ணும் இல்லம்மா," என்றாள்.

"உங்க டீச்சர் பேரு என்ன, சொல்லு பாப்போம்?"

"டீச்சர்..."

"அப்பா எங்க வேலை பாக்கறாரு?"

குழந்தை வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு எண்ணிக்கை, இரண்டு, மூன்று. பிறகு ஒன்றுமே கேட்கப்படாத மாதிரி குனிந்து வரைய ஆரம்பித்தாள். காய்ச்சலாக இருக்குமோ என்று நெற்றியைத் தொட்டாள் இவள். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. சுவரைத் தொட்டது போலிருந்தது.

டாக்டரைக் கூப்பிடலாம் என்று போனை எடுக்க மேசைக்கு வந்தவள், திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். தொண்ணூற்றொரு சதவீதம் வெளுத்துவிட்டது. ஓரத்தில் சின்ன ஜன்னலாக அந்த வீடியோ திறந்திருந்தது. இவள் திறக்கவில்லை. திறந்த ஞாபகம் இல்லை.

ஒரு மேசை, எட்டு மெழுகுவத்திகள், காகிதத் தோரணம். மெழுகுவத்திகளுக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை, முகமெல்லாம் சாம்பல் நிறச் சதுரங்களாகச் சிதைந்து. பின்னாலிருந்து ஆண் குரல் ஒன்று ஊது, ஊது என்றது. குழந்தை ஊதினாள். ஒரு சாம்பல் சதுரம் மறைந்து, அந்த இடத்தில் கன்னம் வந்தது. இன்னொன்று போய், புருவம். பேக்கரிக்காரரின் பெண்ணுக்கு ஒல்லி முகம். இந்தக் கன்னம் உப்பலாக இருந்தது. அதில் ஒரு சின்னத் தழும்பு, போன வருஷம் வாலு சைக்கிளிலிருந்து விழுந்தபோது இவள் மடியில் உட்காரவைத்து மருந்து போட்ட அதே தழும்பு.

குழந்தை சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் மூக்கால் ஓர் உறுமல்.

திரும்பவே கூடாது என்று தோன்றியது. திரும்பினாள்.

வாலு எழுந்து நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில், தழும்பு இருந்த இடத்தில், தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம். காயம் இல்லை. ரத்தம் இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறம்கூடச் சரியாகச் சொல்ல முடியாத ஒரு வெறுமை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கழுத்தில் ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது காதுக்குக் கீழே ஒன்று, சத்தமில்லாமல்.

"ஐயோ! என் கண்ணே! வாலு, அந்தக் கையைக் காட்டு. பையிலிருந்து கையை எடுடி!"

கை வந்தது. மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கை நடுவில் சிவப்பு ஸ்டிக்கர்.

"கரண்ட் போனப்ப... எடுத்தேன்," என்றாள் குழந்தை. வார்த்தைகளுக்கு நடுவே ஓட்டை. "சிவப்பு எனக்குப்... அதுக்குப் பச்சை ஒட்டிட்டேன். திட்டாத... ம்மா."

மேசைக்குப் பாய்ந்தாள். விளக்கைப் போட்டாள். நோயாளி டிஸ்க்கின் முதுகில், கோணலாக, பச்சை. சிவப்பிலிருந்து எடு, பச்சையில் வை. தன் வாயாலேயே சொன்னாள். தன் விரலாலேயே அழுத்தினாள். பதினோரு மணியிலிருந்து.

தொண்ணூற்று மூன்று.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். எண் நின்றது. சுழற்சி நிற்கவில்லை, நல்லவேளை. அழவும் நேரம் இல்லை. கை தொழிலுக்குப் பழகிய கை, தானாக வேலை பார்த்தது. பிரதிக்காகப் பக்கத்தில் செருகியிருந்த காலி டிஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாள். மகளின் உள்ளங்கையிலிருந்து சிவப்பை உரித்து நோயாளி டிஸ்க்கில் ஒட்டினாள். அதன் பச்சையை உரித்து மகளின் கையில் ஒட்டினாள். இரண்டையும் தொட்டாள். இரண்டு முறை தொட்டாள்.

"சிவப்புலேருந்து எடு," என்றாள். குரல் பிசிறியது. "பச்சையில வை. எல்லாத்தையும் வை. ஒண்ணு விடாம வை, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அழுத்தினாள்.

டக்.

டக், டக்.

அந்தச் சத்தத்தை இவ்வளவு ஆசையாக அவள் ஒருநாளும் கேட்டதில்லை. மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். காதுக்குக் கீழே இருந்த சதுரம் மூடியது. கழுத்து மூடியது. கன்னத்தில் மெல்ல மெல்ல நிறம் ஊறி வந்தது. கையில் சூடு வந்தது. குழந்தை பெருமூச்சு விட்டு இவள் தோளில் சாய்ந்தாள். "அவ்வளவுதான் தங்கம், அவ்வளவுதான், அம்மா இருக்கேன்," என்று முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள், சிரித்தாள், யாரையோ கும்பிட்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ தெரியாது. மழை கொஞ்சம் குறைந்தது. டக், டக், டக். தலைமுடியில் முகத்தைப் புதைத்து முகர்ந்தாள்.

ரொட்டி வாசனை.

மெதுவாகக் குழந்தையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கன்னம் முழுசாக இருந்தது. தழும்பு இல்லை. கன்னம் உப்பலாகவும் இல்லை.

திரையில் படம் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. கறுப்பின் மேல் ஊசி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. படிக்க முடியாத இடத்தில் மல்லுக்கட்டாதே, தாண்டிப் போ. முந்தாநாள் அவளே வைத்த ஏற்பாடு. அதை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. வாலுவை எழுதியது முழுக்க அந்தக் கறுப்பு இடங்களில். எழுத முடிந்தது, அதனால்தான் வெளுத்தது. படிக்க முடியாது. படிக்க முடிந்ததெல்லாம் வந்துவிட்டது, ஒன்று விடாமல், யாருடையதோ.

வாசல் மணி அடித்தது.

குழந்தை நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி.

"ஆன்ட்டி," என்றாள், மரியாதையாக, "பன்னப்பா வந்துட்டாரா?"

இவள் கையை உதறிவிட்டுக் குழந்தை வாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் விலகும் சத்தம். மழையின் இரைச்சல் ஒரு கணம் உள்ளே வந்தது. குடை ஒன்று கீழே விழுந்தது. அதற்குப் பிறகு ஓர் ஆண், மூச்சு விடவும் மறந்துபோய், "அம்மாடி," என்றார். "அம்மாடி. என் அம்மாடி."

இவளால் எழுந்து போக முடியவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

மெழுகுவத்திகள் அணைந்திருந்தன. தோரணம் தொங்கியது. மேசைக்குப் பின்னால் யாரும் இல்லை. மேசைக்கு முன்னால், மிக அருகில், திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு முகம், அங்கங்கே சதுரம் சதுரமாக ஓட்டை விழுந்து. உப்பிய கன்னம். தழும்பு. அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. அதைப் படிக்க இவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே ஒரு விஷயம்மா. ஒரே ஒரு விஷயம்மா.

ஒரு சின்னக் கை உயர்ந்து உள்பக்கமிருந்து கண்ணாடியில் அறைந்தது. உள்ளங்கை நடுவில் சிவப்பு ஸ்டிக்கர்.

டக். டக். டக்.

மழை மறுபடி வலுத்தது. மேசை விளக்கு ஒரு முறை மங்கி, எரிந்து, மறுபடி மங்கியது.